கைலாசம் அண்ணாச்சி நலமுடன் இருக்கிறார்

உசுரோட இருக்க மனுசன் படத்துக்கு மால போட்டா… அதுவும் சும்மா மால இல்ல தம்பி, சம்பங்கி மால, தரையில இழுக்கும்… அவன் என்ன செய்யணும்? சந்தோசப்படணுமா, சங்கடப்படணுமா? படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீய, அதான் கேக்கேன். ஒருத்தன் ஊதுபத்தி வேற கொளுத்தி வச்சிருக்கான்! எம்மூக்குக்கு நேரா! படத்துல உள்ள மூக்கச் சொல்லுதேன்.

எல்லாம் அந்தப் பிள்ளையால வந்த வெனை. ஸ்வீட்லின்னு பேரு. பேச்சு பூரா வேப்பங்காயி.

கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிடட்டா? வெயிலு இங்கன நேரா அடிக்கி… ஆங், போதும் போதும். பேக்க எதுக்கு மடியில கெட்டிப் பிடிச்சிருக்கீய, மேல வைங்க. திருச்செந்தூர் ரயில் வண்டியில என்ன களவு போவப் போவுது… சரி, வச்சுக்கிடுங்க. உங்க இஷ்டம்.

எம்பேரு கைலாசம். டவுண்ல தெக்கு ரத வீதியில வந்து கேட்டீயன்னா சின்னப்பிள்ளை கூட எங்க வீட்டக் காட்டும். அதாவது முந்தி காட்டும். இப்பங் கேட்டா, "அவிய போய்ச் சேந்துட்டாவள்லா"ன்னு சொல்லும். என்ன அப்படிப் பாக்கீய? அதத்தான சொல்ல வாரேன்.

நான் பத்திர ஆபீசுல சூப்பிரண்டா இருந்தவன். வேலையில இருந்த காலத்துல, நெல்லையப்பர் கோயில் வாசல்ல நான் செருப்பக் கழட்டுததுக்குள்ள நாலு பேரு கும்புடு போட்டுருவான். சாமிக்கு முன்னால எனக்கு. ரிடயர்டு ஆன மறுவாரம் அதே வாசல்ல நிக்கேன்… ஒரு பய திரும்பல தம்பி! தெரிஞ்சவன் கூட செல்போனக் காதுல வச்சுக்கிட்டுப் போறான். எங்களுக்குப் பிள்ளை குட்டியும் கெடையாது. நானும் எம்பொஞ்சாதி பிரம்மநாயகியுந்தான். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, எம்படத்தச் சொவத்துல மாட்டி ஒரு விளக்குப் பொருத்த ஆளில்ல. அது மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டே இருந்துது. சரி, ஊருக்காவது ஏதாவது செய்வோம்னு 'கருணைக் கரங்கள்'னு ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சேன்.

நோட்டுப் புஸ்தகம் குடுக்கவன் குடுக்கான். மோர்ப்பந்தல் வைக்கவன் வைக்கான். நான் அப்படியெல்லாம் செய்யல. ஐஸ் பொட்டி வாங்கி விட்டேன். தெரியும்லா? ஒரு வீட்டுல கேதம் ஆயிட்டுன்னா, வெளியூர்ல உள்ள மக்கமாரு வந்து சேருத வரைக்கும் உடம்பு கெடாம வைக்கதுக்கு, மேல கண்ணாடி மூடி போட்ட பொட்டி. வாடகைக்கு எடுக்க ஏழைபாழைக்குக் கட்டுபடியாவுமா? நாங்க சும்மா குடுக்கோம். போன் அடிச்சா பிச்சைக்கண்ணு வேன்ல போட்டுக் கொண்டு போயிருவான். அவந்தான் டிரைவரு. டவுண்ல இருந்து ஆத்தோரமா எந்த ஊருன்னாலும் போவும்.

பொட்டி என்னமோ ஒண்ணுதான் இருக்கு. ஒரே நாள்ல ரெண்டு வீடு கேட்டா, ஒரு வீட்டுக்கு இல்லன்னு சொல்லணும். போன வாரங்கூட பேட்டையிலயோ எங்கயோ, பொட்டி இல்லாம ஐஸ் கட்டியா வாங்கிச் சுத்தி அடுக்கி வச்சிருக்காவ. தண்ணி வீட்டு முத்தம் பூரா ஓடி, அந்தத் தண்ணியில நின்னுக்கிட்டே அழுதாவளாம்… வேண்டாம், காலையில அந்தப் பேச்சு எதுக்கு.

இன்னொரு பொட்டி வேணும். அதுக்குத்தான் இப்பங் காயல்பட்டினம் போறேன். அங்கன நஸீமாம்மான்னு ஒரு அம்மா. மக்கமாரு பூரா துபாய், சவுதி. "எங்க வீடுகளுக்குப் பொட்டி தேவைப்படாது, நாங்க சட்டுன்னு அடக்கிருவோம். மத்த வீட்டுக்கு ஆவட்டும், நான் வாங்கித் தாரேன்"னு சொல்லிட்டாவ. தங்கமான மனுசி. ஆனா ஒரு கண்டிசன் போட்டுட்டாவ பாத்துக்கிடுங்க! பொட்டியில ஒருத்தர் பேரும் இருக்கக்கூடாது, ஒருத்தர் படமும் இருக்கக்கூடாதாம். பழைய பொட்டியில உள்ளதையும் எடுத்துரணுமாம். இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள முடிவச் சொல்லுங்க, இல்லன்னா நான் வேற இடத்துல செய்துக்கிடுதேன்னு தாக்கல் வந்துட்டு. நான் விடுவனா? போன்ல பேசுனா சரிவராது, நேர்ல போய்ப் பைய எடுத்துச் சொல்லி, ஒரு ஓரத்துலயாவது எம்படம்…

என்ன தம்பி, போனையே பாத்துக்கிட்டிருக்கீய? டவர் கெடைக்காது இங்கன. தாதன்குளம் தாண்டணும்.

எங்க விட்டேன்? ஆங், அந்தப் பிள்ளை. எங்க தெருவுல அருணாசலம்னு ஒருத்தன் இருக்கான். வெயில் காலத்துல பத்து நாளு மோர் ஊத்துவான். மோரா அது? பச்சத் தண்ணியில மல்லியெலை நீந்தும். அதுக்குப் பேப்பர்ல படம் போடுதான்! நான் வருசம் பூரா பொட்டி குடுக்கேன், ஒரு பேப்பர்க்காரன் எட்டிப் பாக்கல. அப்பத்தான் பாளையங்கோட்டையில ஒரு காலேஜு வாத்தியாரு சொன்னாரு. "அண்ணாச்சி, மக்கள் தொடர்புன்னு ஒரு படிப்பு இருக்கு, பி.ஆர்.னு சொல்லுவோம். ஒரு பிள்ளைய இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்புதேன், உங்க பேர எங்கயோ கொண்டுபோயிருவா"ன்னாரு. கொண்டுபோயிட்டா. நேரா சிந்துபூந்துறை சுடுகாட்டுக்கே கொண்டுபோயிட்டா.

வந்த அன்னைக்கே லேப்டாப்பத் தொறந்து வச்சிக்கிட்டு கேக்கா, "சார், உங்க பயனாளிக முகத்துல சிரிப்புத் தெரியுத மாதிரி போட்டோ வேணும்." நான் பிச்சைக்கண்ணப் பாக்கேன், பிச்சைக்கண்ணு என்னயப் பாக்கான். "ஏம்மா, நம்ம பயனாளி சிரிக்க மாட்டாவளே"ன்னேன். "ஏன் சார், அவ்வளவு கஷ்டத்துலயா இருக்காங்க?"ன்னு கேக்கா! "கஷ்டமெல்லாம் தீந்துபோச்சும்மா அவியளுக்கு"ன்னேன். அப்பமும் வெளங்கல. பொட்டி கெடைக்கதுக்கு முன்னால ஒரு படம், கெடச்ச பொறவு ஒரு படம் வேணுமாம். பயன் அடைஞ்சவங்க ரெண்டு வார்த்தை பேசி வீடியோ வேணுமாம். பிச்சைக்கண்ணு எந்திரிச்சு வெளிய போய்ச் சிரிச்சிட்டு வந்தான்.

சரி, இது வெளங்காத பிள்ளை, போய்ப் பாத்துட்டாவது வரட்டும்னு வேன்ல ஏத்தி ஒரு கேத வீட்டுக்கு அனுப்பி வச்சேன். போனது ஒரு பிள்ளை, வந்தது வேற பிள்ளை தம்பி. செல்போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போயிருக்கா. செத்தவிய மக இவள யாரோ சொந்தக்காரப் பிள்ளைன்னு நெனச்சு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கா. விடவே இல்லையாம். இவளும் அங்கனயே தரையில உக்காந்துட்டா. சாயங்காலம் தூக்குத வரைக்கும். ஒரு போட்டோ எடுக்கல! பெட்ரோல் போட்டு அனுப்புனது யாரு?

வந்து சொல்லுதா, "சார், நம்ம பேரே வேண்டாம். பொட்டியில போன் நம்பர் மட்டும் இருந்தாப் போதும். அங்க யாரும் நம்மளப் பாக்க வரலை." எனக்கு வந்துது பாருங்க கோவம்! "ஏம்மா, ஒன்ன எதுக்கு அனுப்பி வச்சாவ? விளம்பரம் செய்யதுக்கு. விளம்பரம் வேண்டாம்னு சொல்லுததுக்கு ஒரு படிப்பா? அத நான் படிக்காமலே சொல்லிருவனே!" சரிதான நான் கேட்டது? வாடகைக்கு விடுதவன் கம்பெனி பேரப் பெருசா எழுதி வச்சிருக்கான். சும்மா குடுக்க நான் ஒரு படம் ஒட்டக்கூடாதா?

நல்ல படமா எடுத்துக் குடுத்தேன். ரிடயர்டு ஆன அன்னைக்கு ஆபீசுல மாலை, சால்வையெல்லாம் போட்டு எடுத்த படம். கைய எடுத்துக் கும்பிட்டுக்கிட்டு, பல்லு பூரா தெரிய சிரிச்சிக்கிட்டு… நான் களையா இருக்க ஒரே படம் அதான். அந்தப் பிள்ளை தலையில அடிச்சுக்கிட்டா. "சார், மாலை போட்ட படம்… அந்தப் பொட்டியில… வேண்டாம் சார்." "நீ சின்னப்பிள்ளை, ஒனக்கு ஒண்ணுந் தெரியாது"ன்னு சொல்லிட்டு, நானே நின்னு ரெண்டு பக்கமும் ஒண்ணு, தலமாட்டுல ஒண்ணு, பெருசா ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிட்டேன்.

மொத வீடு வண்ணார்பேட்டை. இறந்தது ஒரு வயசான அம்மா. பம்பாயில இருந்து மக்கமாரு வாராவ. ஆட்டோவுல இருந்து எறங்கி முத்தத்தப் பாத்தா, பொட்டியில மாலையோட ஒரு ஆம்பளைப் படம்! "ஐயோ, வீடு மாறி வந்துட்டோம்"னு அதே ஆட்டோவுல ஏறிப் போயிட்டாவ. தெருத் தெருவா தேடி அலைஞ்சு, திரும்பி வந்து, தூக்கப்போற நேரத்துல ஓடி வந்து மொகத்தப் பாத்திருக்காவ. பாத்துட்டாவள்லா? அத யாரும் சொல்ல மாட்டாவ!

அடுத்த வீட்டுல ஒருத்தன் தண்ணியப் போட்டுட்டு வந்து, உள்ள கெடக்க ஆள விட்டுட்டு எம்படத்துக்கு மாலையப் போட்டு, "மாமா, என்னய விட்டுட்டுப் போயிட்டீரே வே"ன்னு ஒப்பாரி. நான் எப்பம் அவனுக்குப் பொண்ணு குடுத்தேன்? அத எவனோ ஒரு மூதி போட்டோ எடுத்து வாட்ஸாப்புல போட்டுட்டான். 'தெற்கு ரத வீதி கைலாசம் அண்ணாச்சி இறைவனடி சேர்ந்தார்.' அம்புட்டுத்தான். விடிஞ்சதுல இருந்து போனு. பிரம்மநாயகி எடுத்து, "இருக்காவளே, உள்ள இட்லி தின்னுக்கிட்டிருக்காவ"ங்கா. அந்தால, "பாவம், அதிர்ச்சியில பேசுதா, பக்கத்துல யாராவது இருங்க"ன்னு பேசிக்கிடுதாவ!

அந்த அருணாசலம் வந்தான் தம்பி, கேதங் கேக்க. கையில ரோசாப்பூ மாலை. நான் வாசல்ல நின்னு பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். என்னயப் பாத்ததும் அவன் மொகத்துல ஒரு ஏமாத்தம் வந்துது பாருங்க… சத்தியமா சொல்லுதேன், அதத்தான் என்னால தாங்க முடியல. "என்ன வே, இருக்கீரா?"ங்கான். "இருக்கேன்"னேன். "அப்பம் இந்த மாலைய என்ன செய்ய?"ன்னு எங்கிட்டயே கேக்கான்!

அதுக்குப் பொறவு பொட்டி கேட்டு வருத போனே கொறஞ்சுபோச்சு. "அண்ணாச்சி, பொட்டிய மட்டும் அனுப்புங்க, நீங்க வரண்டாம்"ங்காவ. நான் எங்க வாரேன்? கேட்டா, "படமா வாரீயளே"ங்காவ. நல்லதுக்கே காலம் இல்ல.

இந்தப் பிள்ளை என்ன செஞ்சா தெரியுமா? காலேஜுல, பயிற்சியில கத்துக்கிட்ட பாடம் என்னன்னு எல்லாரு முன்னாலயும் மேடையில பேசணுமாம். என்னய வேற வரச் சொன்னாவ. பட்டுச் சட்டையப் போட்டுக்கிட்டு மொத வரிசையில போய் உக்காந்தேன். திரையில போட்டா பாருங்க… எம்பொட்டி, எம்படம், சம்பங்கி மாலை, ஊதுபத்தி! பிள்ளைக பூரா விழுந்து விழுந்து சிரிக்கி. அவ மட்டுஞ் சிரிக்கல. "நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். அழுத வீட்டுக்கு உதவி போவும்போது, உதவிதான் போகணும், உதவி செய்யுத ஆளு போகக்கூடாது"ன்னா. என்ன ஒரு அகராதி! எல்லாரும் கை தட்டுதாவ. நானும் தட்டுனேன். தட்டாம இருந்தா அங்கன நல்லாவா இருக்கும்?

நஸீமாம்மாவக் கூட்டியாந்ததும் அவதான், அதையும் சொல்லணும். அவ கூடப் படிக்குத பிள்ளையோட பெரியம்மா. அந்தக் கண்டிசன் எங்க இருந்து வந்துதுன்னு இப்பம் வெளங்குதா?

ஸ்ரீவைகுண்டம் வந்துட்டு பாருங்க. ஆத்துல தண்ணி நல்லாத்தான் கெடக்கு… முறுக்கு வேணுமா தம்பி? ஒண்ணாவது எடுங்க. காலையில ஒண்ணும் சாப்பிட்ட மாதிரி தெரியலையே… சரி, வேண்டாம்னா வேண்டாம்.

நான் சும்மா இருக்க ஆளா? ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன். இந்தா, சுருட்டி வச்சிருக்கேன் பாருங்க, புதுசா அடிச்ச ஸ்டிக்கரு. விரிச்சுக் காட்டுதேன்… இல்ல இல்ல, சிரமமே இல்ல, அந்த மொனையப் பிடிங்க. அதே படந்தான், ஆனா கீழ பாருங்க, கொட்டை எழுத்துல, 'படத்தில் இருப்பவர் நலமுடன் இருக்கிறார்.' எப்படி? இனிமே ஒருத்தனுக்குச் சந்தேகம் வருமா? ஸ்டிக்கர் கடைக்காரன் என்னய ஒரு மாதிரி பாத்தான். நீங்களும் ஒரு மாதிரிதான் பாக்கீய.

பிரம்மநாயகியும் இப்படித்தான் பாத்துட்டுச் சொன்னா. "அந்தப் பிள்ளை ஒங்க மானத்தக் காப்பாத்திட்டுத்தான போனா, நீங்கதான மறுபடி…"ன்னா. இல்ல, அது வந்து… சரி, ஒங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. வண்ணார்பேட்டையில நடந்ததக் கேட்டுட்டு அந்தப் பிள்ளை வெந்நியும் துணியுமா வந்து உக்காந்து, நகத்தாலயே சொரண்டி எல்லாப் படத்தையும் எடுத்துட்டா. பொட்டி வெள்ளையா ஆயிட்டு. அவ அந்தால போவவும், நான் பிச்சைக்கண்ணக் கூட கூப்பிடாம, நானே ஒக்காந்து திரும்ப ஒட்டுனேன். மால விழுந்தது, வாட்ஸாப்புல போட்டது, எல்லாம் அதுக்குப் பொறவுதான். இப்பவும் பொட்டியில அது அப்படியேதான் இருக்கு. ஆசையா இருந்துது தம்பி. வேற என்ன சொல்ல. நாலு பேரு பாப்பானேன்னு ஆசையா இருந்துது.

நாம பேசிக்கிட்டே வந்ததுல ஆழ்வார்திருநகரியும் தாண்டிட்டு. நீங்க எங்கன எறங்கணும்? நாசரேத்தா? இந்தா வரப்போவுதே. மெட்ராஸ்ல இருந்தா வாரீய? அதான் கண்ணு செவந்து கெடக்கு. ஊர்ல என்ன, ஏதும் விசேசமா?

…

எப்பம்?

…

அம்மையா.

ஐயோ தம்பி… திருநேலியில இருந்து தொறந்த வாய நான் மூடலையே… நீங்க ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா… நான் எங்க சொல்ல விட்டேன். நான் ஒரு கோட்டிக்காரன். மன்னிச்சுக்கிடுங்க.

என்ன தம்பி? போன எதுக்கு எங்கிட்ட நீட்டுதீய? இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன்…

இது… நம்ம பொட்டில்லா. நாசரேத்துக்குன்னுதான் விடியக்காலையில பிச்சைக்கண்ணு சொன்னான். சரி போன்னேன். யாரு எவருன்னு கேக்கல.

அம்மை மொகம் எங்க தம்பி… ஆங், இந்தா, கண்ணாடிக்குள்ள… இம்புட்டுக்கானு சின்னதா தெரியுது. எம்மொகம்லா பெருசா நிக்கி. அவிய தலமாட்டுல நின்னுக்கிட்டு, மாலையும் சால்வையுமா, பல்லக் காட்டிக்கிட்டு… சீ.

அப்பம், நான் வண்டியில வந்து உக்காந்த ஒடனேயே தெரிஞ்சிட்டா ஒங்களுக்கு? நாந்தான்னு? தெரிஞ்சுக்கிட்டேயா இம்புட்டு நேரம் நான் பேசுனதக் கேட்டுக்கிட்டு வந்தீய? அந்த ஸ்டிக்கர் மொனைய வேற பிடிக்கச் சொன்னனே ஒங்கள…

நானும் எறங்கி வாரேன் தம்பி. என் கையாலயே கிழிச்சுப் போட்டுட்டு… வேண்டாமா? … சரி. சரி தம்பி. வரல. நான் அங்கன வரக்கூடாது. இருங்க, இருங்க, வண்டி நிக்கட்டும், ஒரு போன் போட்டுருதேன்… ஏலே பிச்சைக்கண்ணு! எங்க நிக்க? அந்த வீட்டு வாசல்லயா? உள்ள போலே. பொட்டியில உள்ள எம்படத்தக் கிழிச்சிரு. எல்லாத்தையும். ஆமாலே, நாந்தான் சொல்லுதேன். சத்தமில்லாம, பைய. கும்புட்டுட்டுச் செய்யி. அவிய மகன் வந்துக்கிட்டிருக்காரு, வந்து பாக்கும்போது அவிய மொகம் மட்டுந்தான் தெரியணும், கேட்டியா? … நஸீமாம்மாவா? அவியட்ட சரின்னு சொல்லிருதேன். சும்மா வெள்ளைப் பொட்டியாவே வரட்டும். நீ மொதல்ல இதச் செய்யிலே.

பாத்து எறங்குங்க தம்பி. பேக்க எடுத்துட்டீயளா? …

தம்பி! தம்பி, ஒரு நிமிசம்… அம்மை பேரு என்ன? … வண்டி எடுத்துட்டான்… சத்தமா சொல்லுங்க தம்பி, கேக்கல… அம்மை பேரு!